கேஸ்ட்ரிக்: கப்பலேறி வந்த வயிற்றுவலியின் கதை

செமினி பட்டணத்துக் கடை வரிசையில் ஏதாவது ஒரு கிளினிக்கில் திங்கட்கிழமை காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். "என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் நம்மவர்கள் நோயின் பெயரையே சொல்லிவிடுவார்கள். "கேஸ்ட்ரிக் டாக்டர்." அடுத்த கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். "வேலையில டென்ஷன். நேரத்துக்குச் சாப்பிட முடியல."

நோயும் தெரிந்துவிட்டது, காரணமும் தெரிந்துவிட்டது. இனி மருந்து வாங்க வேண்டியதுதான் பாக்கி!

ஆங்கிலத்தில் 'கேஸ்ட்ரிக்' என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. 'இரைப்பை சார்ந்த' என்று பொருள் தரும் வெறும் பெயரடை. மலேசியாவில்தான் அது நோயாகப் பதவி உயர்வு பெற்றது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று மூவருக்கும் பொதுவான சொல்லாகவும் ஆகிவிட்டது. வெறும் வயிற்றில் எரிந்தால் கேஸ்ட்ரிக். பிரியாணி சாப்பிட்டு நெஞ்சு கரித்தால் கேஸ்ட்ரிக். பரீட்சைக்கு முன் வயிறு பிசைந்தாலும் கேஸ்ட்ரிக். மாரடைப்பின் முதல் வலியைக்கூட கேஸ்ட்ரிக் என்று நினைத்து, மாத்திரையைச் சப்பிக்கொண்டே படுத்துவிடுபவர்கள் உண்டு.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மன உளைச்சல், ஒரு கிருமி, ஒரு குட்டிப் போத்தல் பால் ஆகிய மூன்றும் அதில் மாறி மாறி வருகின்றன. நம் பாட்டனார்கள் எங்கிருந்து வந்தார்களோ, அந்த வயிற்றுவலியும் அங்கிருந்துதான் வந்தது. எனவே கதையைத் தென்னிந்தியாவிலிருந்தே தொடங்குவோம்.

நெய்யூரில் ஓர் எவரெஸ்ட் வீரர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்று ஓர் ஊர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்த மருத்துவமனைக்கு 1922ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுவில் அந்த ஆண்டு இருந்தவர். மலைப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூரை எட்டிப் பார்த்தார். ஒரு சில மருத்துவர்களை நம்பி இத்தனை நோயாளிகளா என்று மனம் கலங்கி, லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே தங்கத் தீர்மானித்தார். 1924ல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலேயே 28,000 அடி உயரத்தைத் தொட்டு வந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்த மலையேறிக்கு நெய்யூரில் வேறொரு மலை காத்திருந்தது. அதுதான் குடற்புண். இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வந்து, வலியில் சுருண்டு, சாப்பிட்டதை வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாக வருகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். சாமர்வெல் இந்த நோய்க்காக ஆயிரக்கணக்கான அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1936ல் தமது அனுபவத்தை பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதியபோது, உலகத்தில் குடற்புண் இவ்வளவு மலிந்த இடம் வேறு உண்டா என்று வெளிநாட்டு மருத்துவர்கள் வியக்கும்படி இருந்தது.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? அக்காலத்து மருத்துவர்கள் உணவில்தான் காரணத்தைத் தேடினார்கள். மிளகாய்க் காரம் என்றார்கள். மரவள்ளிக் கிழங்கு என்றார்கள். சத்துக் குறைவு என்றார்கள். பின்னாளில் மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற மருத்துவர் இந்தியாவையும் பங்களாதேஷையும் ஒப்பிட்டு 1979ல் ஒரு கட்டுரை எழுதினார். அரிசி உண்ணும் தென்னாட்டில் குடற்புண் அதிகம், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்பது அவர் கண்ட வேறுபாடு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெய்யூரில் வரிசையில் நின்றவர்கள் பெரிய கம்பெனி மேலாளர்கள் இல்லை. வயலிலும் பனங்காட்டிலும் உழைத்த ஏழைகள். ஏனென்றால் அதே காலத்தில் மேல்நாட்டில் குடற்புண்ணுக்கு முற்றிலும் வேறொரு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர்களின் நோய்

மனம் கலங்கினால் வயிறு கலங்கும் என்பதற்கு விஞ்ஞானச் சாட்சி 200 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1822ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, வயிற்றில் விழுந்த ஓட்டை மூடாமலேயே ஆறியது. அவருக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் போமண்ட் என்ற இராணுவ மருத்துவர் அந்த ஓட்டையின் வழியே இரைப்பையை ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்த்தார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் இரைப்பையின் உட்புறம் நிறம் மாறுவதையும் செரிமானம் கெடுவதையும் கண்டு 1833ல் நூலாக வெளியிட்டார்.

அதற்குப் பின் 1936ல் கனடாவில் ஹான்ஸ் செல்யே, எலிகளைப் பலவிதமாகத் துன்புறுத்தினால் அவற்றின் இரைப்பையில் புண் விழுகிறது என்று எழுதினார். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லுக்கு இன்றுள்ள மருத்துவப் பொருள் பரவியது அவரால்தான். 1940-41ல் லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய மாதங்களில், குடற்புண் பொத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி வருவோர் எண்ணிக்கை கூடியதை இரண்டு ஆய்வாளர்கள் 1942ல் பதிவு செய்தார்கள்.

போர் முடிந்ததும் இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. குடற்புண் என்றால் சதா கடிகாரத்தைப் பார்க்கும், மேசையில் இரண்டு தொலைபேசி வைத்திருக்கும் மனிதரின் நோய் என்று ஆகிவிட்டது. 1958ல் அமெரிக்காவில் ஜோசப் பிராடி என்பவர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனை ரொம்பப் பிரபலம். மின்னதிர்ச்சியைத் தவிர்க்க இடைவிடாமல் பொத்தானை அழுத்தும் பொறுப்பு ஒரு குரங்குக்கு. சும்மா உட்கார்ந்திருப்பது இன்னொன்றின் வேலை. பொறுப்புள்ள 'மேலாளர் குரங்கு'க்குத்தான் புண் வந்தது என்றார் பிராடி. உலகத்து மேலாளர்கள் எல்லாம் தலையாட்டி ரசித்திருப்பார்கள்! பிறகுதான் சோதனையிலிருந்த குறை வெளிப்பட்டது. பொத்தானை வேகமாக அழுத்திய குரங்குகளையே பொறுக்கி எடுத்து மேலாளர் ஆக்கியிருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. பின்னர் எலிகளை வைத்து முறையாகச் செய்து பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது. தன் கையில் எதுவும் இல்லாமல் அடி வாங்குகிற எலிக்குத்தான் புண் அதிகம். நெய்யூர் வரிசையை நினைத்துப் பார்த்தால் இது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

சிகிச்சை என்னவாக இருந்தது? மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும், கவலைப்படாதே என்ற அறிவுரை, முடியாவிட்டால் கத்தி. நம் தோட்டப்புறத்தில் டிரஸர் கொடுத்த வெள்ளை மிக்சரைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டிய அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் அமிலத்தைத் தணிக்கும் மருந்து. வலி அடங்கும், திரும்பி வரும். 1976ல் சிமெட்டிடின் மாத்திரை வந்தது. அமிலச் சுரப்பையே அடக்கும் மருந்து என்பதால் கத்திக்கு வேலை குறைந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் புண் மீண்டும் தலைகாட்டியது. அப்போதும் பழி மனத்தின்மீதே விழுந்தது.

பெர்த்தில் ஓர் ஈஸ்டர் விடுமுறை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரோபின் வாரன் என்ற நோய்க்கூறு நிபுணர், 1979ல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவில் ஒரு கிருமியைக் கண்டார். அமிலக் குளத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்பது அந்நாளைய பாடம். அவர் சொன்னதைப் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1981ல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். நோயாளிகளின் திசுவிலிருந்து அந்தக் கிருமியை வளர்க்க எத்தனையோ முறை முயன்றும் முடியவில்லை. இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டை வீசிவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் ரகம், அவ்வளவுதான் சங்கதி.

அப்போதும் யாரும் நம்பாததால் 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தியும் வயிற்று அழற்சியும் வந்தன. பின்னாளில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற கிருமி அதுதான். 1994ல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம், குடற்புண்ணோடு இந்தக் கிருமியும் இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2005ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி தொற்றுவது பெரும்பாலும் சிறு வயதில். தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று வீட்டுக்குள்ளேயே பரவும். நெருக்கடியான வீடு, நல்ல தண்ணீர் இல்லாமை, பொதுக் கழிப்பறை ஆகியவை அதற்கு வசதி. ஒருமுறை குடியேறிவிட்டால் மருந்தில்லாமல் சுலபத்தில் வெளியேறாது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்குப் புண்ணாகும், மிகச் சிலருக்குப் புற்றாகும்.

ரஜூலா கப்பலின் கள்ளப் பயணி

இப்போது நம் பாட்டனார்களிடம் வருவோம். 1907ல் தமிழ்க் குடியேற்ற நிதி தொடங்கப்பட்ட பின், கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் நம் முதியோர் வாயில் நிற்கிறது. பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (1972க்குப் பின் போர்ட் கிள்ளான்) இறங்கியவர்களைத் தனிமை முகாமில் வைத்து அம்மைக்கும் காலராவுக்கும் சோதித்தார்கள். பெட்டி, துணிமூட்டை எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். இரைப்பைக்குள் ஒளிந்து வந்த கள்ளப் பயணியைப் பார்க்க அன்று உலகத்தில் எவருக்கும் கண் இல்லை.

இன்று தாமான்களும் கடை வரிசைகளுமாக மாறிவிட்ட செமினி, ரிஞ்சிங் வட்டாரம் அன்று ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இடம். விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, பால்மரம் சீவி, வெயிலேறும் வரை வெறும் வயிற்றோடு உழைத்துவிட்டு, லயத்து வீட்டுக்குத் திரும்பிப் பழைய சோற்றில் கைவைத்த மனிதர்கள் வாழ்ந்த பூமி. ஓர் அறையில் ஒரு குடும்பம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966ல்தான் வந்தது. ஊரில் பெற்ற கிருமியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற லயத்தைவிடத் தோதான இடம் கிடையாது. வயிறு எரிந்தவரைப் பார்த்து மற்றவர்கள் சொன்னவை என்ன? காரத்தைக் குறை, கள்ளுக்கடைக்குப் போகாதே, கோபப்படாதே. மூன்றும் நல்ல புத்திமதிகள்தான். மூன்றுக்கும் அந்தக் கிருமி அசைந்து கொடுத்திருக்காது.

லெம்பா பந்தாய் சொன்ன சேதி

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தூரத்தில் லெம்பா பந்தாயில் இருக்கிறது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே பேராசிரியர் கோ கியான் லீயும் நுண்ணுயிரியல் பேராசிரியர் ந. பராசக்தியும் நாடெங்கும் எடுத்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2001ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கிருமி மலேசியாவில் இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுகிறது என்பது அதன் சாரம். இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தானில் மலாய்க்காரர்களிடையே அது உலகத்திலேயே மிகக் குறைவு என்று சொல்லத்தக்க அளவில் இருந்ததை 1990களிலேயே கோத்தா பாரு மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். ஒரே நாடு, ஒரே வெயில், மாமாக் கடையில் ஒரே ரொட்டி சானாய். ஆனாலும் வயிற்றுக்குள் வேறுபாடு. பூர்வீகத்திலிருந்து கிருமியைக் கொண்டு வந்த சமூகங்கள் அதைத் தமக்குள்ளேயே வைத்திருந்தன என்பதுதான் விளக்கம்.

2009ல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. கோலாலம்பூர் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். சீனர்களின் கிருமி கிழக்காசிய வகை. இந்தியர்களின் கிருமி இந்திய வகை. மலாய்க்காரர்களிடம் கிடைத்தவற்றில் பெரும்பாலானவையும் இந்திய வகையே. அதாவது மலாய்க்காரர்களுக்கு அது பிற்காலத்தில் இந்தியர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். பழி சொல்வதற்கான செய்தி இல்லை இது. பக்கத்து வீட்டில் வாழ்ந்து பழகியதற்கான தடயம். பாஸ்போர்ட் தொலைந்து, பிறப்புப் பத்திரம் கரையான் அரித்து, ஊர்ப் பெயர்கூட மறந்துபோன குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அவர்கள் புறப்பட்ட திசையை ஒரு கிருமி மறக்காமல் வைத்திருக்கிறது.

இதில் விடுபடாத புதிரும் உண்டு. கிருமி இவ்வளவு இருந்தும் மலேசிய இந்தியர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவு. கிருமியின் ரகமா, உணவா, உடம்பின் வாகா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில் காலமும் மாறியது. அதே மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் 1989-90ல் 51.7 விழுக்காட்டினரிடம் இந்தக் கிருமி இருந்தது. 1999-2000ல் அது 30.3 ஆனது. 2009-10ல் 11.1க்கு இறங்கிவிட்டது. சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண் 21.1 விழுக்காட்டிலிருந்து 5க்குச் சரிந்தது. குழாய்த் தண்ணீர், சின்னக் குடும்பம், ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அமிலம் மேலேறி உணவுக் குழாயைப் புண்ணாக்கும் நோய் அதே காலத்தில் 2 விழுக்காட்டிலிருந்து 9.5க்கு உயர்ந்தது. மலேசியாவில் இந்த நோய் இந்தியர்களுக்கே அதிகம் வருகிறது என்று 2004ல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது.

ஆக, பாட்டனார் கேஸ்ட்ரிக் என்று சொன்னதும் பேரன் கேஸ்ட்ரிக் என்று சொல்வதும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. நோய் மாறிவிட்டது; சொல் மட்டும் மாறவில்லை. பாட்டனாருக்கு வேண்டியிருந்தது கிருமிக்கு மருந்து. கிடைத்தது வெள்ளை மிக்சர். பேரனுக்கு வேண்டியது இரவு பத்து மணிக்கு மேல் தட்டை மூடிவைப்பதாக இருக்கலாம்; அவன் வாங்குவது அதே வகை மாத்திரை.

மன உளைச்சல் திரும்பி வருகிறது

அப்படியானால் டென்ஷன் என்பதெல்லாம் சும்மாவா? 1990களின் பிற்பாதியில் பல மருத்துவர்கள் அப்படித்தான் பேசினார்கள். கிருமி கிடைத்த உற்சாகத்தில் மனத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அது மற்றோர் எல்லை.

1995 ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் உலுக்கியது. 6,400க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அடுத்த வாரங்களில் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்ணோடு வந்தவர்கள் அதிகரித்தார்கள். அவர்களை ஆராய்ந்தபோது பெரும்பாலோரிடம் ஹெலிகோபேக்டர் கிருமி இருந்தது. கிருமி பல ஆண்டுகளாகவே இருந்ததுதான். புண்ணாக வெடித்தது அந்த அதிர்ச்சிக்குப் பிறகு. உடல் நலிந்தவர்களிலும் முதியவர்களிலும் சிலருக்குக் கிருமி இல்லாமலேயே புண் வந்தது. கிருமியா மனமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, இரண்டும் கூட்டாளிகள் என்று கோபே சொல்லிவிட்டது.

குடலுக்கென்று தனி நரம்பு மண்டலமே இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் இடையில் ஓயாத பேச்சுவார்த்தை. பயம் வந்தால் வயிறு கலக்குவது அதனால்தான். இந்தப் பேச்சில் குடல் கிருமிகளும் மூன்றாம் ஆளாகக் கலந்துகொள்கின்றன என்ற எண்ணத்துக்கு 2004ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகம் ஓர் ஆதாரம் தந்தது. பிறந்ததிலிருந்து குடலில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், மற்ற எலிகளைவிட மன உளைச்சலுக்கு அதிகமாகத் துடித்தன. சிறு வயதிலேயே நல்ல கிருமி ஒன்றைக் கொடுத்தபோது அந்தத் துடிப்பு அடங்கியது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்றாலும், ஆராய்ச்சியின் திசை மாறியது இங்கேதான்.

மனிதர்களிடம் பார்க்கும் வாய்ப்பு, வருத்தமான வழியில், நம் நாட்டிலேயே வந்தது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் யாருக்கு மறக்கும்? கிழக்குக் கரையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்து மாதங்கள் ஆன பிறகும் பலருக்கு வயிற்று வலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வந்தன. குடல் எரிச்சல் நோய் என்று இதைச் சொல்வார்கள். ஸ்கோப் போட்டுப் பார்த்தால் புண் இருக்காது. ஆனால் வலி பொய்யல்ல. கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் அவர்களை ஆராய்ந்தார்கள். அசுத்த நீரால் குடலின் கிருமிக் கூட்டம் மாறியதும், வீடு இழந்த துயரமும் சேர்ந்தே அந்த வலிக்குப் பின்னால் நின்றன.

பிறகு அவர்களில் ஐம்பத்துச் சொச்சம் பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் ஒரு புரோபயோடிக் கொடுத்தார்கள். 2019ல் முடிவு வெளியானது. சாப்பிட்டவர்களின் மனநிலை மற்றவர்களைவிடத் தேறியிருந்தது. வயிற்றுக்கென்று கொடுத்தது மனத்துக்கு உதவியது! சின்ன ஆய்வுதான். ஐம்பது பேரை வைத்து ஒரு நாட்டுக்கே மருந்து எழுத முடியாது. ஆனாலும் 2021 டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலம், உலு லங்காட் வெள்ளத்தில் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு, அதன்பின் வந்த வயிற்றுத் தொல்லை கற்பனையல்ல என்று சொல்ல இந்த ஆய்வு போதும்.

குட்டிப் போத்தலின் வரலாறு

புரோபயோடிக் கதையின் மூலவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த இலியா மெட்ச்னிகோஃப். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியத் தயிரிலுள்ள கிருமியை அந்நாட்டு மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905ல் கண்டுபிடித்த பிறகு, தயிர் உண்டால் நீண்ட ஆயுள் என்று மெட்ச்னிகோஃப் எழுதிப் பரப்பினார். அவர் காலமானது 71ஆவது வயதில். தயிரின் குற்றமில்லை அது!

ஜப்பானில் மினோரு ஷிரோத்தா என்ற மருத்துவர் 1930ல் ஒரு கிருமி வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 1935ல் அது யாகுல்ட் பானமாக வீட்டு வாசலுக்குப் போனது. மலேசியாவில் 1977ல் விட்டாஜென் வந்தது. 2004ல் யாகுல்ட்டும் கடைக்கு வந்தது. இன்று செமினியில் எந்தப் பேரங்காடியின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் வரிசையாக நிற்கின்றன. மருந்தகத்தில் இதே பெயரைச் சொல்லி நூறு ரிங்கிட்டுக்கு மேல் விலைவைத்த மாத்திரைகளும் உண்டு.

2001ல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள் புரோபயோடிக் என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். போதிய அளவில் கொடுத்தால் உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். எந்த ரகம், எந்த நோய்க்கு, எவ்வளவு என்று மூன்றும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி நம் வீட்டுத் தயிரும் மோரும் புரோபயோடிக் என்ற முத்திரை பெற முடியாது. அவற்றில் உயிருள்ள கிருமிகள் உண்டு. எந்த ரகம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறவரிடம் போய் ரகம் கேட்டால் கரண்டியால் அடிப்பார். லயத்து மனிதர்களின் பழைய சோறும் அப்படித்தான். இரவெல்லாம் புளித்த நல்ல உணவு. ஆனால் பழைய சோறு உண்ட தலைமுறைக்குக் குடற்புண்ணே வந்ததில்லை என்று இன்று கைப்பேசியில் வலம் வரும் செய்திக்கு நெய்யூரின் வரிசையே பதில்.

குட்டிப் போத்தலால் என்ன முடியும்? ஹெலிகோபேக்டர் கிருமிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிகிச்சையில் பேதியும் குமட்டலும் வந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். சில புரோபயோடிக் வகைகள் அந்தத் தொல்லையைக் குறைத்து, மருந்தை முடிக்கக் கைகொடுக்கின்றன. கிருமியைத் தனியாக ஒழிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. 2020ல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் சங்கம் ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, குடல் எரிச்சல் நோய் உள்பட பெரும்பாலான வயிற்று நோய்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கைவிரித்தது. இனிப்பு சேர்த்த போத்தல்களில் சீனியின் அளவைப் பார்த்து வாங்குவது நீரிழிவு மலிந்த நம் சமூகத்துக்கு இன்னும் அவசரமான வேலை.

பேரி மார்ஷலின் பெயரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையமும் அமைந்தது. பெர்த்தில் ஒருவர் குடித்துக் காட்டிய கிருமியை இன்று கண்டறிய வயிற்றுக்குள் குழாய் விட வேண்டும் என்றுகூட இல்லை. வெறும் வயிற்றில் போய், ஒரு பையில் ஊதி, கொடுக்கிற கரைசலைக் குடித்து, அரை மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்து, இன்னொரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சுக் காற்றே காட்டிக் கொடுத்துவிடும். அமிலத்தை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லை என்று முடிவு வரலாம். மலம் கறுத்துப் போவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விழுங்கும்போது அடைப்பது ஆகியவை இருந்தால் ஊதிப் பார்ப்பதோடு விடாமல் ஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

செமினி கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவரிடம் அனுபவமுள்ள டாக்டர் கேட்கும் கேள்விகளும் இப்போது வேறு மாதிரி இருக்கும். டென்ஷனைப் பற்றி அவர் கேட்பார்தான். கூடவே, "சின்ன வயசுல எங்க இருந்தீங்க? வீட்ல எத்தனை பேர்? அப்பா அம்மாவுக்கு அல்சர் இருந்துச்சா?" என்றும் கேட்பார். "தோட்டத்துலதான் டாக்டர், லயத்துல. அப்பாவுக்கு எப்பவும் கேஸ்ட்ரிக்" என்று பதில் வந்தால், மருந்துச் சீட்டுக்கு முன்பாக மூச்சுச் சோதனைக்கான தாளை எடுத்து எழுதுவார்.